போதும் என்று சொல்லக் கணக்குத் தெரிய வேண்டும்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒரு சிறிய சொல். "போதும்" என்பதே அந்தச் சொல். சாப்பாட்டுப் பந்தியில் இதைத் தாராளமாகச் சொல்கிறோம். வேலை விடயத்தில் மட்டும் இது எங்கள் வாயில் வர மறுக்கிறது. நாற்பது, ஐம்பது வயதில் நிற்கும் ஒருவர், "இந்த வேலையும் இந்தச் சம்பளமும் எனக்குக் காணும், இதற்கு மேல் பதவி வேண்டாம்" என்று சொன்னால் அவரை எப்படிப் பார்க்கிறோம்? சோம்பேறி என்கிறோம். அல்லது, பாவம், டொச் காணாது, அதனால்தான் அவருக்குக் கொடுக்கவில்லை என்கிறோம். அவர் யோசித்து எடுத்த முடிவாக இருக்கும் என்று நினைப்பவர்கள் குறைவு. அப்படி யோசித்து எடுக்கும் முடிவைப் பற்றித்தான் இன்று உங்களோடு கதைக்கப் போகிறேன்.

முதலில், நாங்கள் ஏன் இவ்வளவு ஓடினோம் என்பதைப் பார்க்க வேண்டும். 1983 யூலைக்குப் பின் எங்களவர் பலர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் வந்து, பிறகு இந்த நாட்டின் பல நகரங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். வந்த உடனே உழைக்க முடிந்ததா? இல்லை. தஞ்சம் கோரியவர்கள் வேலை செய்ய 1980களில் தடை இருந்தது. 1987 இல் அந்தத் தடை ஐந்து வருடமாக நீட்டப்பட்டது. 1991 இல்தான் அது நீங்கியது. இருபது வயது இளைஞன் ஹைம் அறையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, ஊரில் ஏஜென்சிக்குக் கொடுத்த காசின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் வேலை அனுமதி கிடைத்ததும் நாங்கள் வேலை பார்க்கவில்லை, வேலையின் மேல் பாய்ந்தோம். பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுதல், சனி ஞாயிறில் துப்புரவு வேலை. முதலில் ஏஜென்சிக் கடன். பிறகு தங்கச்சியின் சீதனம். பிறகு தம்பியை எடுப்பித்த செலவு. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது உண்டியலில் காசு. 2004 இல் சுனாமி. 2009 இல் வன்னி. இடையில் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். இதில் எதையும் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஓட்டத்தால்தான் இரண்டு நாட்டில் எங்கள் குடும்பங்கள் நிமிர்ந்தன.

ஆனால் நேயர்களே, அந்தக் காரணங்களை இன்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ஏஜென்சிக் கடன் எப்போதோ முடிந்தது. தங்கச்சிக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும். தம்பி கனடாவில் எங்களைவிட வசதியாக இருப்பான். ஓடத் தொடங்கிய காரணங்கள் முடிந்த பிறகும் எங்கள் கால்கள் நிற்கவில்லை. இப்போது ஓடுவது யாருக்காக என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. பழக்கத்தில் ஓடுகிறோம். அல்லது அடுத்த சாமத்தியவீட்டில் யாராவது, "இப்ப என்ன பதவியில இருக்கிறியள்?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்காக ஓடுகிறோம்.

நாங்கள் குடியேறிய நாட்டின் தொழிலாளர்கள் இந்த விடயத்தில் எப்படி நடந்தார்கள் என்பதையும் அறிவது நல்லது. எங்கள் பீலெஃபெல்ட் துணி நெய்து வளர்ந்த நகரம். இன்று வி.எச்.எஸ். வகுப்புகளும் வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கும் றாவன்ஸ்பேர்கர் பூங்காவின் அந்தப் பெரிய கட்டடம், 1854 இல் தொடங்கப்பட்ட நூற்பு ஆலையுடையது. நெசவுக்குப் பின் தையல் இயந்திரம், சைக்கிள், 1891 இலிருந்து டொக்டர் ஓற்கரின் அப்பச்சோடாத் தூள் என்று இது உழைப்பாளிகளின் நகரமாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்த நாட்டுத் தொழிலாளர்கள் கூலிக்காக மட்டும் போராடவில்லை, நேரத்துக்காகவும் போராடினார்கள். 1956 மே தினத்துக்குத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அதில் ஒரு சிறுவன், சனிக்கிழமையில் அப்பா எனக்குச் சொந்தம் என்று சொல்கிறான். அன்று சனிக்கிழமையும் வேலைநாள். அந்தச் சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க அவர்களுக்குப் பல வருடம் எடுத்தது. பிறகு 1984 இல் 35 மணித்தியாலக் கிழமைக்காகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மேற்கு யேர்மனியின் உலோகத் தொழிற்துறையில் அது 1995 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அண்மைக் காலத்திலும் இது நடந்திருக்கிறது. புகையிரதத் தொழிலாளர்களின் சங்கமான இ.வி.ஜி. 2016 இல் டொச்ச பானுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொரு தொழிலாளியும் தானே தெரிவு செய்யலாம்: 2.6 வீதச் சம்பள உயர்வு, அல்லது வருடத்துக்கு ஆறு நாள் கூடுதல் விடுமுறை, அல்லது கிழமைக்கு ஒரு மணித்தியாலம் குறைந்த வேலை. எதைக் கூடுதலானோர் எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 56 வீதமானோர் விடுமுறையை எடுத்தார்கள். 2018 இல் உலோகத் தொழிற்சங்கமும் இதேபோன்ற ஒரு வழியைத் திறந்தது. சிப்ட் வேலை செய்பவர்கள், சிறுபிள்ளைகள் உள்ளவர்கள், வீட்டில் முதியோரைப் பராமரிப்பவர்கள் வருடாந்த மேலதிகக் கொடுப்பனவுக்குப் பதிலாக எட்டு நாள் விடுமுறை எடுக்கலாம் என்று வந்தது. அதையும் இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை.

எங்கள் நகரத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நிக்லாஸ் லூமான் என்ற சமூகவியல் அறிஞரின் பெயரைப் பல்கலைக்கழகத்தில் படித்த உங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் சட்டம் படித்து, நீடர்சாக்சன் மாநிலத்தின் கல்வி அமைச்சில் உயர் அலுவலராக இருந்தவர். பாதுகாப்பான அரசாங்க உத்தியோகம், படிப்படியாக ஏறும் பதவிகள், நிறைந்த ஓய்வூதியம். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1962 இல், நடுவயதின் வாசலில், அந்த ஏணியிலிருந்து இறங்கி ஆராய்ச்சிக்குப் போனார். 1968 இல், புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உங்கள் ஆராய்ச்சித் திட்டம் என்ன என்று கேட்டபோது, சமூகம் பற்றிய ஒரு கோட்பாடு, காலம் 30 வருடம், செலவு ஒன்றுமில்லை என்று பதில் கொடுத்தவர் அவர். அந்த வேலையின் முடிவான நூல் 1997 இல் வெளிவந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். அவர் எழுதிச் சேர்த்த ஏறத்தாழ 90,000 குறிப்புத் தாள்கள் இன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர் உழைப்பை விடவில்லை. தனக்கு எந்த உழைப்பு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு மற்றதை விட்டார்.

"அவர் பேராசிரியர், நாங்கள் மெசினில் நிற்பவர்கள், எங்களுக்கு இது பொருந்துமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

நான் 1992 இல், இருபத்தொரு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். அடுத்த வருடம் தொடங்கிய வேலை இன்றுவரை ஓடுகிறது. 2020 இல், எனக்கு நாற்பத்தொன்பது வயதில், நான் வேலை செய்யும் இடத்தில் சிப்ட் பொறுப்பாளர் பதவி தருவதாகச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு முன் வந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்து வைத்திருப்பேன். இந்த முறை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவ ஒரு முதியோர் இல்லத்தில் உதவிப் பராமரிப்பாளராக இருந்தா. சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்துக் கணக்குப் பார்த்தோம். அந்தப் பதவியால் வரி கழித்துக் கைக்கு வரக்கூடியது மாதம் முந்நூறு யூரோவுக்கும் குறைவு. அதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியது என்ன? மாறி மாறி வரும் இரவு வேலை, ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கும் தொலைபேசி, யாராவது வராவிட்டால் நான் போய் நிற்க வேண்டிய நிலை.

அப்போது மனைவி சொன்னா, "இஞ்சேருங்கோ, நீங்கள் அந்தப் பதவியை எடுத்தால் நான் இப்பிடியே உதவியாளாத்தான் இருக்க வேணும். நீங்கள் கொஞ்சம் வீட்டில நிண்டால் நான் முழுப் படிப்பையும் படிச்சு முடிப்பன்."

அந்த வருடம்தான் புதிய பராமரிப்புத் தொழிற்கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மூன்று வருடப் படிப்பு. நான் பதவியை மரியாதையாக மறுத்து, கிழமைக்கு நான்கு நாள் வேலைக்கு விண்ணப்பித்தேன். அவ 2021 இல் தொடங்கி 2024 இல் சோதனை சித்தியடைந்து, இன்று தகுதி பெற்ற தாதியாக வேலை செய்கிறா. அவவுடைய சம்பளம் என்னுடையதைத் தாண்டிவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று வருடமும் கார் மாற்றவில்லை, ஊருக்குப் போகவில்லை. ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போன இடத்தில் ஒரு பழைய நண்பர் தோளில் கைபோட்டுக் கேட்டார், "உண்மையைச் சொல்லு மச்சான், அவங்கள் உனக்குத் தரேல்லையோ, நீ எடுக்கேல்லையோ?"

அவர் கிண்டலாகக் கேட்டாலும் அது முக்கியமான கேள்வி, நேயர்களே. தராமல் விட்டதும் எடுக்காமல் விட்டதும் ஒன்றல்ல. எங்கள் மத்தியில் ஊரில் ஆசிரியராக, பொறியியலாளராக இருந்தவர்கள் இங்கே கோப்பை கழுவினார்கள். வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிட்டு அங்கீகரிக்க ஒழுங்கான சட்டம் 2012 ஏப்ரலில்தான் வந்தது. அதற்குள் பலருக்கு வயது போய்விட்டது. அவர்களிடம் போய், "போதும் என்ற மனம் பொன் செய்யும் மருந்து" என்று பழமொழி சொல்வது பாவம். தகுதி இருந்தும் ஒருவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டால், அவர் பெற்றீப்ஸ்றாட்டிடம் போக வேண்டும், தொழிற்சங்கத்திடம் போக வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். "எங்களுக்கு இவ்வளவுதான்" என்று தலையைக் குனிவது மனநிறைவு ஆகாது. கதவு திறந்திருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்புவதே மனநிறைவு.

அடுத்தது பெண்களைப் பற்றியது. எங்கள் குடும்பங்களில் "போதும்" என்ற சொல்லைப் பெண்கள் ஏற்கெனவே அளவுக்கு மேல் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் பகுதிநேரம், பிறகு மாமியைப் பார்க்கப் பகுதிநேரம், பிறகு அதுவே பழக்கம். அதன் பலன் ஓய்வூதியக் கடிதத்தில் தெரியும். ஆகவே மனைவி ஏற்கெனவே குறைந்த நேரம் வேலை செய்யும் வீட்டில், குறைப்பது கணவனின் முறை. மனைவி ஏறட்டும். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் பயமில்லாமல் ஏறலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்குப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

இந்த நாட்டின் ஓய்வூதியம் புள்ளிகளால் கணக்கிடப்படுகிறது. நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒரு வருடம் உழைத்தால் ஒரு புள்ளி. 2025 யூலையில் ஒரு புள்ளியின் பெறுமதி மாதத்துக்கு 40 யூரோ 79 சென்ற் என்று நிர்ணயிக்கப்பட்டது. சராசரிச் சம்பளம் எடுக்கும் ஒருவர் பத்து வருடத்துக்கு ஐந்து நாள் வேலையை நான்கு நாளாகக் குறைத்தால், வருடத்துக்கு 0.2 புள்ளி வீதம் இரண்டு புள்ளிகளை இழப்பார். அந்தப் பெறுமதியில் அது மாதம் 81 யூரோ 58 சென்ற், வரியும் காப்புறுதியும் கழிப்பதற்கு முன். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது, விடுமுறைக் கிழமைகளைக் கழித்தாலும், பத்து வருடத்தில் ஏறத்தாழ 460 நாட்கள். இது இலாபமா நட்டமா என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் ஒற்றைச் சம்பளத்தில் இருப்பவருக்கு அந்த 81 யூரோ பெரிய காசு. கடன் முடிந்த சொந்த வீட்டில் இருவர் உழைக்கும் குடும்பத்துக்கு அந்த 460 நாட்கள் பெரிது. அவரவர் வீட்டில் விடை வேறு.

இன்றைய சம்பளத்தையும் பாருங்கள். மொத்தச் சம்பளம் 20 வீதம் குறைந்தால், வருமான வரியும் குறைவதால், கைக்கு வருவது பெரும்பாலும் அவ்வளவு வீதம் குறையாது. ஆனால் வேலை இழந்தால் கிடைக்கும் உதவித் தொகையும், நீண்ட நோயில் கிடைக்கும் கொடுப்பனவும் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். குடியுரிமைக்கோ குடும்ப இணைவுக்கோ விண்ணப்பித்திருப்பவர்கள் அது முடியும்வரை நேரத்தைக் குறைக்காதீர்கள். போதிய வருமானம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.

சட்டமும் எங்களுக்கு இடம் தருகிறது. 2001 இலிருந்து, 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்த ஒருவர் நேரத்தைக் குறைக்கும்படி கேட்கலாம். மூன்று மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவன நடைமுறைக்கு உண்மையான இடைஞ்சல் இருந்தால்தான் முதலாளி மறுக்கலாம். ஆனால் இந்த வழியில் குறைத்தால் மீண்டும் முழுநேரத்துக்கு வர உறுதியான உரிமை இல்லை. 2019 யனவரியிலிருந்து புறூக்கன்ரைல்சைற் என்ற இன்னொரு வழி இருக்கிறது. 45 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில், ஒன்றிலிருந்து ஐந்து வருடம்வரை நேரத்தைக் குறைத்துவிட்டு, அந்தக் காலம் முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பலாம். பயமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. விண்ணப்பிக்க முன் பெற்றீப்ஸ்றாட்டுடன் கதையுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது உடம்புக் கணக்கு. 1964 இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு ஓய்வு வயது 67. 45 வருடம் பங்களிப்புச் செலுத்தியவர் கழிவு இல்லாமல் 65 இல் போகலாம். எங்களில் எத்தனை பேருக்கு அது முடியும்? 1993 இல் வேலை தொடங்கிய எனக்கு 45 வருடம் நிறைவது 2038 இல். அப்போது எனக்கு 67 வயது ஆகிவிடும். 35 வருடம் முடித்தவர்கள் 63 இல் போகலாம், ஆனால் ஓய்வூதியத்தில் 14.4 வீதம்வரை வாழ்நாள் முழுவதும் கழிக்கப்படும். இருபது வயதில் இங்கே பிறந்து வளர்ந்தவரோடு சேர்ந்து தொடங்கிய ஓட்டம் அல்ல எங்களுடையது. பிந்தித் தொடங்கினோம், அதனால் பிந்தித்தான் முடிப்போம். ஐம்பதில் முதுகையும் நித்திரையையும் கொடுத்து ஒரு பதவியை வாங்கி, அறுபதில் நோயாளியாக வெளியே வருவதில் என்ன கணக்கு இருக்கிறது? நிதானமாக நடந்து 67 வரை போய்ச் சேருபவர்தான் இந்த நாட்டின் முறையில் முழுப் பலனையும் பெறுவார்.

கடைசியாகப் பிள்ளைகள். பிள்ளைகளுக்காகத்தானே பாடுபடுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்று முப்பது, நாற்பது வயது. படித்து நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களும் இரவு எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எங்களிடம் அவர்கள் பார்த்துப் பழகியது அதைத்தான். ஓடக் கற்றுக் கொடுத்துவிட்டோம், எங்கே நிற்பது என்று காட்டவில்லை. அப்பாவோ அம்மாவோ ஒரு முறை, வசதியும் வாய்ப்பும் இருந்தும், கணக்குப் பார்த்து, "எனக்கு இது காணும்" என்று சொல்வதைப் பிள்ளைகள் பார்த்தால், அவர்களுடைய நாற்பதாவது வயதில் அது துணைக்கு வரும்.

ஆகவே ஒரு சிறிய வேண்டுகோள். 27 வயதைத் தாண்டி, ஐந்து வருடம் பங்களிப்புச் செலுத்திய எல்லோருக்கும் வருடாவருடம் ரென்ரன்இன்ஃபோர்மட்சியோன் என்ற கடிதம் வருகிறது. பல வீடுகளில் அது உடைக்கப்படாமலே லாச்சிக்குள் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து உடையுங்கள். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்து, மாதம் எவ்வளவு வருகிறது, உண்மையாக எவ்வளவு வேண்டும், இன்னும் முடியாத கடமை எது என்று எழுதுங்கள். விளங்காத இடத்தை ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனத்தின் ஆலோசகரிடம் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. எழுதிப் பார்த்தபின் இன்னும் ஏற வேண்டும் என்று வந்தால் தாராளமாக ஏறுங்கள், அதற்கு என் வாழ்த்து. போதும் என்று வந்தால் அதையும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உங்கள் நண்பர் கேட்டால், "தந்தவங்கள், நான்தான் எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போங்கள்.